சபைக் கணக்கும் இத்தாலிக் கணக்கும்

ஜூன் 15, ஞாயிறு

விடியலிலிருந்து மழை. தினம் ஒரு பிடியாகச் சேர்த்த கைப்பிடி அரிசி டப்பாவை முந்தானையில் மூடி எடுத்துப்போய் சபையில் கொட்டினேன். ஆராதனை முடிந்து தேநீர். வாய் சும்மா இருக்கவில்லை. பேத்தி ஸ்டெல்லா மேல்படிப்புக்கு இத்தாலிக்கு மனுப் போட்டிருக்கிறாள். நானோ அஞ்சாங் கிளாஸ். எப்படிச் சொல்லாமல் இருப்பது? “எம் பேத்தி கோயில் பணம் எங்க போச்சுன்னு ஆராய்ச்சி பண்ணப்போறா” என்றேன். எல்லார் முகமும் ஒரு மாதிரி. பொறாமை.

வாங்க வேண்டியது: கடலை எண்ணெய், பர்மாக்காரர் கடையில் நாப்பி மீன்விழுது, மெழுகுவர்த்தி.

ஜூன் 16, திங்கள்

கரண்ட் இல்லை. தண்ணீரும் இல்லை. ஸ்டெல்லா சாயங்காலம் வாடிப்போய் வந்தாள். போதகர் நற்சான்றுக் கடிதம் தரத் தயங்குகிறாராம். வெள்ளிக்குள் அனுப்பாவிட்டால் இடம் போச்சு. பொருளாளர் சாமுவேல் தடுக்கிறாராம், அவர் கணக்கை இவள் தோண்டப்போகிறாள் என்று.

“யாரு பாட்டி அப்படிச் சொல்லியிருப்பா?”

கீரை ஆய்ந்துகொண்டே உண்மையைச் சொன்னேன். சபையில் உளறியது நான்தான்; இத்தாலிக் கோயில் என்றும் சொல்லவில்லை, பழங்காலத்துப் பணம் என்றும் சொல்லவில்லை. திட்டவில்லை பிள்ளை. சிரித்தாள், பிறகு கொஞ்சம் அழுதாள்.

ஜூன் 18, புதன்

கோழிக்குழம்பு வைத்து, இரண்டு பேருமாகப் போட்டாதாங் பேட்டையில் இருக்கிற சாமுவேல் வீட்டுக்குப் போனோம். “தப்பு என் வாயோடது தம்பி” என்றேன். முகம் கொடுக்கவில்லை. குழம்பை மட்டும் வாங்கிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்.

ஸ்டெல்லா பாதி தமிழ், பாதி பர்மியில் எடுத்துச் சொன்னாள். இத்தாலியில் எழுநூறு வருஷத்துக்கு முந்தின கதை. கோதுமை, திராட்சை, ஆட்டுக்குட்டி, எல்லாவற்றிலும் பத்தில் ஒன்று கோயிலுக்கு. ஏழைக்கும் அதில் பங்காம். போய்ச் சேர்ந்ததா என்பதுதான் இவள் படிப்பு. போப்பாண்டவர் சாமியார்களிடமே வரி கேட்பாராம். கோயில் ஒழுகுது, கையில் ஒன்றுமில்லை என்று அவர்கள் அழுவார்களாம்.

சாமுவேல் கரண்டியை வைத்துவிட்டார். நம் சபைக் கூரையும் ஒழுகுகிறது. தலைமைச் சபைக்கு அனுப்புகிற பங்கோ நின்றபாடில்லை.

“அப்பவும் மேலதான் போச்சாம்மா?”

“அப்பவும்தான் அங்கிள்.”

சிரித்ததில் அவருக்குப் புரையேறிவிட்டது. போதகருக்கு அவரே போன் போட்டார்.

ஜூன் 19, வியாழன்

போதகர் கடிதம் வந்தது. கரண்டும் வந்தது; ‘மீ லாபீ’, கரண்ட் வந்தாச்சு என்று தெருவே பர்மியில் கூவியது. அனுப்பிவிட்டாள். நல்ல படிப்பாளி என்று எழுதியிருக்கிறாராம். என்னைப் பற்றி ஒரு வரியும் இல்லை, பரவாயில்லை.

ராத்திரிக்கு உலை. வழக்கம்போல சபைக்கு ஒரு பிடி அரிசி எடுத்தேன். அவள் போய்விட்டால் எனக்கு மட்டும் எவ்வளவு அரிசி என்று பார்க்க, அவள் பங்கையும் எடுத்துப் பார்த்தேன். பானையில் அடிதான் தெரிந்தது.

திரும்பப் போட்டுவிட்டேன். இன்றைக்கு இருக்கிறாளே.