விழும் என்று சொன்னவள்

குண்டசாலை
03.06.2024

அன்பின் தம்பி ரிஸ்மிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போனை எடுக்கிறாய் இல்லை. குடும்ப வட்ஸ்அப் குழுவிலிருந்தும் விலகிவிட்டாய். வகுப்பில் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதப் பழக்கும் நான், கடைசியாக யாருக்கு எழுதினேன் என்று நினைவில்லை. இங்கே என்னோடு இருக்கிற உம்மா சுகம். கடுகண்ணாவைக் காற்று இங்கே இல்லை என்று ஒரே குறை.

உன் மகள் அகீலாவின் நிக்காஹ் நல்லபடி முடிந்தது. வீட்டில் நடக்க இருந்ததை என் பேச்சைக் கேட்டு கெலிஓயா மண்டபத்துக்கு மாற்றினாய். மாப்பிள்ளை வீட்டார் முன்னால்தான், வீட்டுப் பின்பக்க மண்மேடு இந்தக் கிழமைக்குள் விழும் என்று சொன்னேன். மழை கொட்டியது. மேடு விழவில்லை. பந்தியில் சம்பந்தி கேட்டார், "டீச்சர்ட மண்மேடு இன்னும் நிக்கிதா?" எல்லோரும் சிரித்தார்கள், நீ மட்டும் சிரிக்கவில்லை.

என் பிழை என்ன என்று நீயே எழுது.

ராத்தா ஷிபானா

கடுகண்ணாவை
07.06.2024

ராத்தாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். மேடு விழாததற்கு அல்ஹம்துலில்லாஹ். நீங்கள் சொன்ன விதம்தான் பிழை. நாளைய காரியம் எதைப் பேசினாலும் 'அல்லாஹ்தான் அறிவான்' என்று முடிக்கிற குடும்பம் நாம். நீங்கள் 'விழும்' என்றதோடு நிறுத்தினீர்கள். படித்த திமிர் என்று சம்பந்தி வீட்டில் பேசுகிறார்கள். என்னால் தலை நிமிர முடியவில்லை.

இருபது வருடமாக நிற்கிற மேடு. அது விழாது. உம்மாவின் பின்னறைக்கு வெள்ளையடித்து வைத்திருக்கிறேன். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் அவரைக் கொண்டுவந்து விடுங்கள். அப்படியே சம்பந்தியிடம் ஒரு வார்த்தை, பிழையாகப் பேசிவிட்டேன் என்று சொன்னால் போதும்.

ரிஸ்மி

குண்டசாலை
11.06.2024

அன்பின் தம்பிக்கு,

ஸலாம். நீ எழுதியதில் பாதி சரி. விழும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாதுதான். மேட்டில் விரல் நுழையும் வெடிப்பைப் பார்த்தேன். கமுகு சாய்ந்திருந்தது. அடியில் ஊற்றுத் தண்ணீர் கலங்கி வந்தது. மனதுக்குள் பத்துக்கு மூன்று என்று கணித்தேன். வாயால் பத்துக்குப் பத்து என்பது போலச் சொன்னேன். கேட்டவர்களுக்கு அது பெருமையாகப் பட்டிருக்கும், மறுக்கவில்லை.

ஆனால் 'அல்லாஹ்தான் அறிவான்' என்பதை நான் மறந்து விடவில்லை, தெரிந்தே விட்டேன். அதைச் சொல்லியிருந்தால் நீங்கள் எல்லோரும் அந்த வார்த்தையிலேயே ஆறுதல் அடைந்து, மேட்டின் அடியில் இருநூறு பேருக்குப் பந்தல் போட்டிருப்பீர்கள். படைத்தவனிடம் அதற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டேன். சம்பந்தியிடம் கேட்க மாட்டேன்.

உன் கடிதத்தை நீயே இன்னொரு தடவை படி. 'அது விழாது' என்று எழுதியிருக்கிறாய். அதோடு நீயும் ஒன்றும் சேர்க்கவில்லை. உன்னை யாரும் திமிர் பிடித்தவன் என்று சொல்லப் போவதில்லை. ஆண்பிள்ளை உறுதியாகப் பேசுகிறான் என்பார்கள்.

உம்மாவிடம் உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். வெள்ளையடித்ததைக் கேட்டுச் சந்தோஷப்பட்டார். பிறகு, "மழ விடட்டும் மகள், நான் இங்கயே ஈக்கிறன்" என்றார்.

இனி உனக்குப் பிடித்த மாதிரியே எழுதுகிறேன். மேடு விழுமா என்பதை அல்லாஹ்தான் அறிவான், எனக்குத் தெரியாது. தெரியாததால்தான் உம்மாவை மேட்டை ஒட்டிய அந்த அறைக்கு அனுப்ப மாட்டேன்.

பெருநாளைக்கு நீ இங்கே வா. வட்டிலப்பம் செய்து வைக்கிறேன். சம்பந்தியையும் கூட்டி வா. மேடு நிற்கிறதா என்று மறுபடி கேட்கட்டும். நிற்கிறது, உம்மா அதன் அடியில் இல்லை என்று அவர் முகத்தைப் பார்த்தே சொல்கிறேன்.

ராத்தா ஷிபானா