மனுவில் ஒரே ஒரு கையெழுத்து

மாமா,

ஐந்தரைக்கு எழுந்தேன். பால் காய்ச்சினேன், வாசல் விளக்கை அணைத்தேன், குளித்தேன். உங்கள் மாத்திரை மேசையில். சாதம் குக்கரில்.

நம் சமையலறை ஜன்னலை அடைத்து எழும் ஏழு மாடிக் கட்டடத்துக்கு எதிராக உங்கள் பெண் கொடுத்த மனுவுக்கு இன்று நகராட்சியில் விசாரணை. "மனு கொடுத்தவங்க இறந்துட்டாங்க. வேற கையெழுத்தும் இல்ல. ஃபைலை மூடிடலாமா சார்?" என்று குமாஸ்தா நேற்று போனில் கேட்டார். கணவன் என்று சொல்லிப் பார்க்கப்போகிறேன்.

பத்து மணிக்கு பில்டரின் ஆள் சம்மதக் கடிதத்தோடு வருவான். பழப் பையோடு துக்கம் விசாரிப்பான். கதவைத் திறக்காதீர்கள்.

பி.கு: அவள் ஏன் தனியாகக் கையெழுத்துப் போட்டாள் என்று கேட்டீர்கள். என்னிடமும்தான் நீட்டினாள். "ஊர் வம்பு நமக்கெதுக்கு?" என்றேன். அன்றிரவு தனியாகவே போட்டாள். மறுநாள் மனுவைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போதுதான் லாரி மோதியது. காலையில் செருப்பை மாட்டிக்கொண்டே அவள் கடைசியாகச் சொன்னது இதுதான்:

"கையெழுத்துதான கேட்டேன், கிட்னியா கேட்டேன்?"