பத்துக்கு நாலு

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் தங்கை வீட்டுக்காரன் எழுதுவது. அங்கே நீங்களும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். இங்கேயும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. கூப்பிட்டே பேசியிருக்கலாமே என்பீர்கள். இரண்டு அறை வீட்டில் பெருமூச்சு விட்டால்கூட அவளுக்குக் கேட்டுவிடும். கடையிலிருந்து கூப்பிட்டாலும் சொல்லி முடிக்குமுன் அழுதுவிடுவேன். அதனால்தான் கடைக்கு வந்து, பிரித்துப் போட்ட மோட்டார்களுக்கு நடுவே உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் தட்ட என் விரலுக்கு வராது. இதைப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். பக்கத்து வீட்டம்மா அரை மணி நேரம் அவளைப் பார்த்துக்கொள்கிறார்.

ஞாயிறுதோறும் உங்களிடம் "நல்லா இருக்கேண்ணா" என்கிறாளே, அது பச்சைப் பொய். வயிற்றில் இருந்த புற்று முதுகெலும்புவரை போய்விட்டது. இனி வைத்தியம் இல்லை, இரண்டு மாதம் தாண்டினால் அதிகம் என்று பெரிய டாக்டர் என்னை மட்டும் வெளியே அழைத்துச் சொன்னார். அவளுக்கு அது தெரியாது. வலியாவது இல்லாமல் இருக்கட்டும் என்று வலி தணிப்புப் பிரிவுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அங்கே ஒரு டாக்டர், இரண்டு நர்ஸ், ஒரு வண்டி. சுற்றுவட்டாரம் முழுவதற்கும் அவ்வளவுதான். வீட்டுக்கே வந்து மார்ஃபின் கொடுப்பார்களாம், ஆனால் வலி ஏழுக்கு மேல் இருப்பவர்களுக்குத்தான் முதலில். பத்துக்கு எவ்வளவு வலி என்று நர்ஸ் கேட்டார். உங்கள் தங்கை நிதானமாக யோசித்து, நாலு என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள், யாருக்காவது முழு மார்க் போட்டிருக்கிறாளா? இருபத்தைந்தாவது கல்யாண நாளில் எனக்கு எத்தனை என்று கேட்டேன். ஆறரை என்றாள். அந்த அரையும் பரிதாபத்துக்காம்! அதே கையால் தன் வலிக்கும் போட்டுவிட்டாள். சாதாரண மாத்திரையும் ஆறு வாரம் கழித்து ஒரு தேதியும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். எங்களுக்கு முன்னால் ஒருவர் பத்து, பத்து என்று கத்தினார். அவருக்கு மறுநாளே வண்டி. அவர் நடித்தார் என்று சொல்ல மாட்டேன், அவருக்கும் வலிதான். அழுத பிள்ளைக்குப் பால், சரி. அழாத பிள்ளைக்கு வயிறு இல்லையா?

வலி வந்தால் பதினேழாம் வாய்ப்பாட்டை முணுமுணுக்கிறாள். முன்பெல்லாம் ஒரு தடவை சொல்லி முடிப்பதற்குள் அடங்கிவிடும். இப்போது ஏழெட்டுத் தடவை ஓடுகிறது. எத்தனையோ எரிந்துபோன மோட்டாருக்குக் கம்பி சுற்றி ஓட விட்டவன், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். வருகிறவர்கள் வாசலிலேயே விசாரித்துவிட்டுப் போகிறார்கள். ஒரு வார்த்தை பேச ஆள் இல்லை, மச்சான்.

போன வாரம் தனியாகப் போய், ஒன்பது என்று எழுதுங்கள் என்று நர்ஸிடம் சண்டை போட்டேன். அந்தப் பெண் கோபப்படவில்லை. "ஐயா, அவங்களைப் பார்த்தாலே எனக்குத் தெரியுது. ஆனா நீங்க சொல்றதை எழுதினா, எல்லா வீட்டுலயும் இதையேதான் சொல்வாங்க. அவங்க வாயால போன்ல சொன்னாப் போதும், மறுநாளே வர்றோம்" என்று நம்பர் எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து கெஞ்சினேன். "பத்துன்னா அதுக்கு மேல இல்லைன்னு அர்த்தம். நாளைக்கு இதைவிட வலிச்சா என்ன போடுறது? என்னைவிட முடியாதவங்க வண்டியை நான் பிடுங்கணுமா?" என்று கேட்டாள்.

நீங்கள் சொன்னால் தட்ட மாட்டாள். ஞாயிறுவரை காத்திருக்காமல் இன்றே கூப்பிடுங்கள். நர்ஸுக்குப் போன் போட்டு உள்ள வலியை உள்ளபடி சொல்லச் சொல்லுங்கள். யார் பங்கையும் அவள் பிடுங்கவில்லை, அந்த வண்டியில் அவளுக்கும் பங்கு உண்டு என்று சொல்லுங்கள். நாளைக்கு என்று எதையும் மிச்சம் பிடித்து வைக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். அதை நான் சொன்னால் என் முகத்தைப் பார்த்தே எல்லாவற்றையும் தெரிந்துகொள்வாள். போனில் உங்கள் முகம் தெரியாது, மச்சான்.

என்றும் உங்கள் அன்பை வேண்டும்,
தங்கை வீட்டுக்காரன்