கிண்ணியாக் குடாவில் சறுக்கப் பழகியது

2024 ஜூலை 9

பிள்ளைகள் வந்து ஒரு கிழமை. வீட்டில் மூன்று பேர் இருக்கிறோம்; நான் தனியாக இருந்தபோதுகூட இவ்வளவு அமைதி இல்லை. நிருசாவும் ஜதுசனும் தங்களுக்குள் நோர்வே மொழியில் கதைக்கிறார்கள். நான் அறைக்குள் போனால் நிறுத்திவிடுகிறார்கள். மரியாதைக்குத்தான். அந்த மரியாதைதான் தாங்க முடியவில்லை.

என் மனைவி சுலோஜனா இவர்களைக் கூட்டிக்கொண்டு ஒஸ்லோவுக்குப் போனபோது ஜதுசனுக்கு நாலு வயது. இப்போது பதினொன்று. பின்னால் நானும் போவதாகத்தான் இருந்தது. விசா கிடைக்கவில்லை. திரும்பக் கேட்டும் கிடைக்கவில்லை. காத்திருந்ததில் அவளுக்கும் எனக்கும் கதைக்க ஒன்றும் இல்லாமல் போனது. பிறகு விவாகரத்து. இப்போதுதான் முதல்முறையாக, பள்ளி விடுமுறைக்கு, ஒரு மாதம் அனுப்பியிருக்கிறாள். இனியும் அனுப்புவாளா? இவர்கள் வரத்தான் விரும்புவார்களா?

"சாப்பிட்டீங்களா?"

"ஓம்."

இன்றைய கதை இவ்வளவுதான்.

ஜூலை 11

நிருசா தானாக வாயைத் திறந்தாள். அங்கே பனியில் சறுக்குவாளாம். மலையிலிருந்து கீழே வருவதைக் கையால் காட்டினாள். "இங்க தண்ணியில சறுக்கலாம் எண்டு எழுதி பீச்சில ஒரு போர்ட் பாத்தனான் அப்பா. நீங்க செய்திருக்கிறீங்களா?"

எங்கள் ஊர்த் துறைமுகத்தில், கப்பல்களை இழுக்கும் இழுவைப்படகின் என்ஜின் அறைக்குள்ளேயே என் காலம் போகிறது. கடலின் மேல் வேலை, ஆனால் கடலைக் காண்பது குறைவு.

"இல்லை. பழகலாம்," என்றேன்.

ஏன் சொன்னேன்? நாற்பத்தாறு வயது. முழங்கால் நோவு வேறு.

ஜூலை 14

கிண்ணியா நஸ்ரியிடம் வேகப்படகு இருக்கிறது, வெளிநாட்டுக்காரரை ஏற்றுகிறவர். என்னைக் கண்டதும் சிரித்தார். "ராகுலன் அண்ணன், உங்களுக்கா?" கிண்ணியாப் பாலத்துக்கு உள்ளே, குடாவில் தண்ணீர் ஆடாமல் கிடக்கும் இடத்துக்குக் கூட்டிப்போனார்.

நிருசா இரண்டாம் முறையே எழும்பிவிட்டாள். படகுக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்தபடி, கூந்தல் பறக்க, நேரே நின்றாள். அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை.

என் முறை. காலில் இரண்டு பலகை, கையில் கயிறு. படகு இழுத்ததும் முகம் அடிபட விழுந்தேன். திரும்பவும். மூக்கெல்லாம் உப்புத் தண்ணீர்.

"நீங்க எழும்பப் பாக்காதீங்க அண்ணன். குந்தி இருங்க. படகு உங்கள எழுப்பும்," என்றார் நஸ்ரி. சொல்வது எளிது.

நிருசா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வந்த நாளிலிருந்து அதுதான் அவளுடைய முதல் சிரிப்பு. இன்னும் நாலு தரம் விழலாம் என்று இருந்தது. விழுந்தேன்.

ஜதுசன் படகை விட்டு இறங்கவில்லை.

ஜூலை 15

உடம்பெல்லாம் நோவு. வேலையில் ஸ்பானரைத் தூக்க ஏலாது.

ஜூலை 18

நிருசா குசினியில் மெதுவாகச் சொன்னாள்: ஜதுசன் அங்கே பனியிலும் சறுக்குவதில்லையாம். வகுப்பு மலைக்குப் போகும் நாளில் வயிற்றுவலி என்று படுத்துவிடுவானாம். மற்றப் பிள்ளைகள் பகிடி பண்ணுவார்களாம். "அம்மாட்ட சொல்லாதேங்கோ."

அவன் விறாந்தையில் போனோடு இருந்தான். பக்கத்துக் கதிரையில் போய் இருந்தேன்.

"பயமா?"

போனை மடியில் கவிழ்த்து வைத்தான். பிறகு, "ஓம்."

"எனக்கும் பயம்தான்."

என்னைத் திரும்பிப் பார்த்தான். "பயமெண்டா ஏன் போறீங்க?"

"தெரியாது," என்று சொல்லிவிட்டேன். சரியான பதில் இப்போதுதான் வருகிறது. நீங்கள் போவதைக் கரையில் நின்று பார்த்தது போதும், அதனால்தான். இதை ஒரு பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

ஜூலை 21

இன்று ஜதுசன் இறங்கினான்.

"நீங்களும் பக்கத்தில வாங்க," என்றான். நஸ்ரி இரண்டு கயிறு கட்டினார். இரண்டு பேரும் தண்ணீரில் குந்தியபடி மிதந்தோம். அவனுடைய பல் அடித்துக்கொண்டிருந்தது. குளிரில் அல்ல. "விழுந்தா நானும் விழுவன்," என்றேன். அது உறுதியாகத் தெரிந்த விஷயம்.

படகு இழுத்தது. வழமைபோல நான் கவிழ்ந்தேன். தண்ணீருக்கு மேலே தலையை எடுத்துப் பார்த்தால் அவனைக் காணவில்லை. அவனுடைய பெயரைச் சொல்லிக் கத்தினேன். பிறகு தூரத்தில் கண்டேன். எழும்பி நிற்கிறான். என்னை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறான்.

நான் குடாவின் நடுவில் மிதந்துகொண்டு கிடந்தேன். சுற்றிவர ஒருவரும் இல்லை. என்ஜின் சத்தமும் தேய்ந்துபோனது. அழுதேன் போல. முகமெல்லாம் ஏற்கனவே நனைந்திருந்ததால் நிச்சயமாகச் சொல்ல ஏலாது.

சுற்றி வந்து என்னை ஏற்றியபோது அவன் கேட்டான்: "நீங்க எழும்பேல்லையா?"

"இல்லை."

"நாளைக்கு எழும்புவீங்க." பெரிய மனிதர்கள் ஆறுதல் சொல்வது மாதிரி.

ஆகஸ்ட் 2

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் விட்டுவிட்டு வந்தேன். கடைசி வரைக்கும் நான் எழும்பவில்லை. நிருசா கட்டிப்பிடித்தாள். ஜதுசன் கையை ஆட்டிவிட்டு நேரே போனான். திரும்பிப் பார்க்கவில்லை.

குளியலறையில் அவனுடைய பற்தூரிகை. எடுத்து வைக்கவும் மனமில்லை, எறியவும் மனமில்லை.

செப்டெம்பர் 15

தனியாகப் போனேன். எழும்பினேன். குடாவின் ஒரு கரையிலிருந்து மறுகரை வரைக்கும். ஒருத்தரும் பார்க்கவில்லை, நஸ்ரி மட்டும் பார்த்தார். போனில் படம் எடுத்திருந்தார். பிள்ளைகளுக்கு அனுப்பினேன்.

செப்டெம்பர் 17

இன்னும் பதில் இல்லை. பள்ளிக்கூடம் இருக்கும்.

செப்டெம்பர் 20

நிருசாவிடமிருந்து போனில் ஒரு கைதட்டும் சின்னப் படம். ஜதுசன் பார்த்திருக்கிறான், ஒன்றும் எழுதவில்லை. சோறு ஆக்கவில்லை. பாண் தின்றுவிட்டுப் படுத்தேன்.

டிசெம்பர் 4

மழை. படகுகள் எல்லாம் கரையில்.

2025 பெப்ரவரி 12

நிருசா வீடியோ அனுப்பியிருக்கிறாள். பனி. ஹெல்மெட் போட்ட ஒரு பெடியன், நன்றாகக் குந்தியபடி, மெதுமெதுவாகச் சரிவில் வருகிறான். நடுவில் விழுகிறான். எழும்பி, பனியைத் தட்டிவிட்டு, திரும்பவும் வருகிறான். ஜதுசன் வகுப்புப் பிள்ளைகளோடுதான் போனானாம்.

பிறகு சுலோஜனா போன் எடுத்தாள். வருடக்கணக்காகக் கேட்காத குரல். "நிருசா இந்த முறை வரமாட்டா. சிநேகிதிகளோட முகாமுக்குப் போறாவாம். இவன் வரப்போறன் எண்டு நிக்கிறான். விடுமுறை முழுக்க." பிறகு கேட்டாள்: "தனிய அனுப்பட்டா?"

"அனுப்புங்க," என்றேன். முன்பு நீ என்றுதான் அவளைச் சொல்வேன்.

நிருசா வராதது நெஞ்சுக்குள் குத்துகிறது. பதினைந்து வயது. அவளைக் குறை சொல்ல ஏலாது.

ஜூலை 3

ஜதுசன் நேற்று வந்தான். என் தோள் வரைக்கும் வளர்ந்துவிட்டான். வழியெல்லாம் தூங்கினான். கந்தளாயில் எழும்பி, தேத்தண்ணி கேட்டு வாங்கிக் குடித்தான். அக்காவின் அறையில் அவனுடைய சாமான்களை வைக்கச் சொன்னேன். வேண்டாம், அது அவவுக்கு இருக்கட்டும் என்றான்.

இன்று எனக்கு லீவு. காலைச் சாப்பாட்டை அவனே செய்கிறானாம், நான் குசினிக்குள் வரக்கூடாதாம். முட்டை கருகுகிற மணம் வருகிறது. கூப்பிடுகிறான். போகிறேன்.