மாற்றாத தண்ணீர்

கே.கே. நகர், திருச்சி
நவம்பர் 23, ஞாயிறு

அன்பு மகள் பிரான்சிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டுமென்று தினமும் ஜெபமாலையில் உங்கள் பெயரைச் சொல்கிறோம். வாரத்துக்கு இரண்டு தடவை வீடியோவில் முகம் பார்க்கிற மனுஷன் எதற்குக் காகிதம் எடுத்தார் என்று நினைப்பாய். போன ஞாயிறு நீ கூப்பிட்டபோது நான் சரியாகப் பேசவில்லை, அப்பாவுக்குச் சளி என்று அம்மா சமாளித்தாள். சளி இல்லை. உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நம் வீட்டு மாடியில் வாடகைக்குக் குடியிருக்கும் ஜனார்தன், கோதாவின் பெண் மைத்ரேயியை உனக்கு ஞாபகம் இருக்கும், நீ ஊருக்குக் கிளம்பிய அன்று உன் பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டு இறங்கமாட்டேன் என்றாளே, இப்போது ஒன்றாம் வகுப்பு. இந்த மாதம் நாலாம் தேதி அவளுக்குக் காய்ச்சல் வந்தது, மூன்றாம் நாள் டெங்கு என்று சொல்லி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், பிளேட்லெட் இருபத்திரண்டாயிரத்துக்கு இறங்கிவிட்டது. நீ நர்ஸ், அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அம்மா கஞ்சி வைத்து எடுத்துக்கொண்டு போனாள். எனக்கு யார்மேலாவது கோபப்பட வேண்டும் போலிருந்தது, எதிரே பஞ்சர் கடை நசுருதீன் டயர்களை அடுக்கி வைத்திருக்கிறார் அல்லவா, மழைத் தண்ணீர் அதில்தான் தேங்குகிறது என்று முடிவு கட்டி, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மாநகராட்சிக்குப் புகார் எழுதினேன். என் கையால் எழுதி நானே கொண்டுபோய்க் கொடுத்தேன் பிரான்சி.

இரண்டே நாளில் கொசுப்புழு பார்க்கிற பெண் ஒருவர் வந்தார், அறிவுமதி என்று பெயர், உன் வயதுதான் இருக்கும். முதலில் டயர்களைப் பார்த்தார். நசுருதீன் ஒவ்வொரு டயரிலும் ஓட்டை போட்டு, மேலே தார்ப்பாய் கட்டி வைத்திருந்தார், உள்ளே சொட்டுத் தண்ணீர் இல்லை. பிறகு தெருவில் ஒவ்வொரு வீடாகப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு நம் வீட்டுக்குள் வந்தார், நான் பெருமையாகக் கதவைத் திறந்துவிட்டேன். ஹாலில் என் மணிபிளாண்ட் பாட்டில்கள் உனக்குத் தெரியும், ரிட்டையர் ஆன பிறகு பிடித்த பைத்தியம், இப்போது பதினேழு பாட்டில் ஆகிவிட்டது, கொடி ஜன்னல் கம்பியில் ஏறி டிவிக்கு மேலே சுற்றிக்கொண்டு வந்திருக்கிறது. கணுவுக்குக் கீழே வெட்டித் தண்ணீரில் போட்டால் பத்து நாளில் வெள்ளை வேர் விடும், மண்ணே வேண்டாம் என்று அந்தப் பெண்ணுக்கும் பாடம் எடுத்தேன். அவர் செல்போன் வெளிச்சத்தை ஒரு பாட்டிலின் பின்னால் பிடித்து, "ஐயா, இங்க வந்து பாருங்க" என்றார். வேர்களுக்கு நடுவே துண்டு நூல்போல ஏதோ நெளிந்து நெளிந்து மேலே வந்தது. ஒன்றல்ல, எண்ண முடியவில்லை. பதினேழில் ஒன்பது பாட்டில்களில் இருந்தது.

தண்ணீரை எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டார். நான் மாற்றுவதே இல்லை. முழுக்க மாற்றினால் வேர் மிரண்டுவிடும், குறைகிறதை மட்டும் ஊற்றினால் போதும் என்று நானாகவே ஒரு சட்டம் வைத்துக்கொண்டு கேட்டவர்களுக்கெல்லாம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். உன்னிடம் வாராவாரம் மாற்றுகிறேன் என்று சொன்னது பொய். வாரம் இரண்டு தடவை தண்ணீரைக் கொட்டி, பாட்டிலின் உள்பக்கத்தை பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டுமாம், முட்டை கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்குமாம், வாயில் பஞ்சு அடைக்க வேண்டுமாம். எந்தக் கொசு கடித்தது என்று யாராலும் சொல்ல முடியாது ஐயா என்று போகும்போது ஆறுதலாகச் சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் ஓட்டினேன்.

குழந்தை தேறி, டிஸ்சார்ஜ் ஆகி, நேராக ஸ்ரீரங்கத்தில் கோதாவின் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். சொல்லாமல் இருக்க முடியாது என்று உன் அம்மா பிடிவாதமாக இருந்தாள், ரோசரி அப்படிப் பேசி நான் பார்த்ததில்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி, உத்திர வீதியில் வீட்டை விசாரித்துக்கொண்டு போனேன். கோதா உள்ளே வாங்கோ அங்கிள் என்று காபி கொடுத்தாள். அதைக் குடிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவள், "மைத்ரேயி பிறந்தநாளுக்கு நீங்க ஒரு பாட்டில் குடுத்தேளே, அது அவ படிக்கிற மேஜைமேலதான் இருக்கு. தண்ணிக்குள்ள குட்டிக் குட்டியா டான்ஸ் ஆடறதுன்னு அவ வந்து உங்ககிட்ட சொன்னாளே அங்கிள்" என்றாள்.

பிரான்சி, சொன்னாள். அந்த நிமிஷம் வரை எனக்கு அது நினைவில் இல்லை. நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன், தலையைத் தூக்காமல், அது செடிக்கு உரம் என்று சொல்லி அனுப்பினேன். அவள் சந்தோஷமாக ஓடிப்போனாள். ஆறு வயதுக் குழந்தை கண்ணால் பார்த்துச் சொன்னதை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கோதா திட்டவில்லை, மாடி வீட்டுச் சாவியை எடுத்து என் முன்னால் வைத்து, நீங்களே போய்க் கொட்டிவிடுங்கள் என்றாள். உள்ளேயிருந்து மைத்ரேயி வந்து, ஊசி குத்திய கையை நீட்டி எனக்குக் காட்டினாள். இளைத்துப் போயிருக்கிறாள். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு என்ன பேசினேன் என்று எனக்கே தெரியவில்லை.

திரும்பி வந்து மாடிக்குப் போய்க் கொட்டினேன். அப்புறம் நசுருதீனிடம் போய்ப் புகார் கொடுத்தது நான்தான் என்றேன். "தெரியும் சார். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, டியூபைத் தண்ணீரில் அமுக்கிப் பார்க்கிற வேலையைத் தொடர்ந்தார். கொடியை எல்லாம் வெட்டி ஒரே தொட்டி மண்ணில் வைத்துவிட்டேன், ஹால் வெறிச்சென்று இருக்கிறது. தை பிறந்ததும் காலி செய்கிறோம் என்று ஜனார்தன் நேற்று மரியாதையாகவே போனில் சொன்னார்.

நீ குளிரில் தலைக்குத் துணி கட்டாமல் டியூட்டிக்குப் போகாதே, மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். ஆண்டவர் உங்கள் இரண்டு பேரையும் காப்பாற்றட்டும். தெரியாமல் நடந்தது என்று அம்மா சொல்கிறாள், கோவிலில் ஃபாதரும் அதையே சொன்னார். கிறிஸ்துமஸுக்கு வரும்போது நீயும் பரவாயில்லைப்பா என்று சொல்லிவிடாதே. ஒரு ஆளாவது சொல்லாமல் இருக்க வேண்டும்.

உன் அப்பா,
அற்புதசாமி