புதன்கிழமை ஜட்கா

அக்கா,

வாசகசாலையில் கழித்துக் கொடுத்த பழைய வாரப் பத்திரிகைகளை இன்று குழந்தை இழுத்துப் போட்டு விளையாடினாள். பொறுக்கி அடுக்கும்போது ஒன்றின் நடுவிலிருந்து ஏலக்காய்த் தோல் ஒன்று மடியில் விழுந்தது. காய்ந்து சருகாகியிருந்தது. ஆனாலும் முகர்ந்து பார்த்தேன். கதை எந்தப் பக்கத்தில் நின்றது என்பதற்கு அடையாளமாக நீங்கள் வைத்தது அது. ஏலக்காயை வாயில் போட்டுக்கொண்டு தோலைப் பத்திரிகைக்குக் கொடுப்பீர்கள்.

உங்களுக்கு எழுத ஒரு வருஷத்துக்கு மேல் தாமதித்துவிட்டேன். இந்த எழுத்து உங்களுக்குப் படிக்க வராது என்பதனால் ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுகிறேன். குழந்தை தூங்குகிறாள், கொஞ்சம் மெதுவாகத்தான்.

நான் வேலூருக்கு வந்த புதிதில் எப்படி இருந்தேன் என்று உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், சென்னையில் காலேஜ் படித்தவள், கையில் நாலு மாதக் குழந்தை. வீட்டுக்காரர் காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வருவார். காற்று ஆற்றுப் பக்கமிருந்து வீசினால் தோல் பதனிடும் கிடங்குகளின் சுண்ணாம்பு நெடியும் ஆவாரம்பட்டை நெடியும் கூடத்துக்குள் வந்துவிடும். அது குழந்தையின் நெஞ்சுக்கு ஆகாது என்று சன்னல்களை அடைத்துக்கொண்டு, சித்திரை வெயிலில் இரண்டு பேரும் வெந்துகொண்டிருப்போம். அவள் தும்மினால் பயம். தும்மாமல் அதிக நேரம் தூங்கினாலும் பயம்.

கிணற்றடிச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்துதான் உங்கள் குரலை முதலில் கேட்டேன். "இன்னாம்மா, ஊட்டுக்குள்ள கொழந்தைய அவிக்கிறியா? சன்னலைத் தொற! நாங்கள்லாம் இந்த வாசனையிலதான் பொறந்தோம். மூக்கு இருக்குதா இல்லியான்னு வந்து பாரு."

வந்து பார்த்தேன். மூக்கு இருந்தது. மூக்குத்தியும் இருந்தது.

உங்களிடம்தான் வாசகசாலையைப் பற்றி முதலில் புலம்பினேன். கடைத்தெருவில் அப்படி ஒன்று இருப்பதாக என் வீட்டுக்காரர் சொன்னதும் அடுத்த நாளே குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் நின்றேன். அங்கே இருந்த ஆண்கள் எல்லாரும் பத்திரிகையைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார்கள். வாசகசாலை ஐயா பதறிப்போய் வெளியே வந்தார். பெண்களுக்குப் புதன்கிழமை மத்தியானம் ஒதுக்கியிருக்கிறதாம். புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போவதானால் ஊர்க்காரர் ஒருவர் பொறுப்பேற்க வேண்டுமாம். ஊரில் எனக்கு யாரைத் தெரியும்? அதனால் புதன்கிழமைதோறும் போய் அங்கேயே உட்கார்ந்து படித்தேன். ஆண்களை வெளியே அனுப்பிவிட்டு, ஐயாவும் அலமாரிக்கு அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வார். வந்தது நான் ஒருத்திதான். வாரத்தில் அந்த ஒரு மத்தியானம் நான் யாருக்கும் தாய் இல்லை, சமையல்காரி இல்லை. மடியில் குழந்தை இருந்தாலும்கூட அப்படித்தான் இருந்தது.

அதைத்தான் பறிக்கப் பார்த்தார்கள். ஒரே ஒரு பெண்ணுக்காக இத்தனை ஆண்களை வெயிலில் நிறுத்துவதா என்று நிர்வாகக் கமிட்டியில் பேச்சு வந்தது. இன்னும் சில பெண்கள் வராவிட்டால் பங்குனியோடு நிறுத்திவிடுவார்கள் என்று ஐயா வருத்தத்தோடு சொன்னார். நான் கிணற்றடியில் வந்து அழுதேன்.

"அங்க இன்னாதான் இருக்குது?" என்று கேட்டீர்கள்.

"பேப்பர் இருக்கு, கதை இருக்கு, புஸ்தகம் இருக்கு அக்கா."

"எனக்குத் தமிழ் பேசத்தான வரும்? எங்க ஊட்டுல தமிழையே அரபு எழுத்துலதான் எழுதுவோம். உங்க எழுத்து பூச்சி பூச்சியா இருக்குது." ஓர் ஏலக்காயை வாயில் போட்டுக்கொண்டீர்கள். "சரி, நீ படி. நாங்க வந்து கேக்குறோம்."

அந்நிய ஆண் கண்ணில் படாத கோஷாப் பெண்கள் கடைத்தெருவுக்கு எப்படி வருவது என்று உங்கள் மாமியார் பிடித்துக்கொண்டார். "காயிதத்தைப் பாக்க ஜட்கா கட்டிக்கினு போவணுமா? ஊட்டுல இல்லாத காயிதமா?" சுவருக்கு இந்தப் பக்கம் நான் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் மாமியாரிடம் வாதாடவே இல்லை. உங்கள் வீட்டுக்காரர் தோல்மண்டியிலிருந்து சாப்பிட வந்ததும் சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டீர்கள்: "நீங்க சீமைக்கெல்லாம் தோல் அனுப்புறீங்க. அந்த ஊருல இன்னா நடக்குதுன்னு நாங்க தெரிஞ்சிக்கக் கூடாதா?" அவர் சிரித்துவிட்டார். வண்டியிலிருந்து வாசல்படி வரைக்கும் படுதா பிடிப்பதானால் போகலாம் என்றார்.

அந்த முதல் புதன்கிழமையை நினைத்தால் இப்போதும் தனியாகச் சிரிக்கிறேன். குதிரை ஜட்கா வாசகசாலை வாசலில் வந்து நின்றது. ஒரு பக்கத்துப் படுதாவை உங்கள் வேலைக்காரப் பெண்ணும் நானும் பிடித்தோம். மறுபக்கத்தில் ஒரு முனையை ஜட்காவில் கட்டியாகிவிட்டது, மறு முனைக்கு ஆள் இல்லை. வாசகசாலை ஐயா தவித்துப் போனார். ஓடிவந்து தாமே அதைப் பிடித்துக்கொண்டார். பிடித்த பிறகுதான் தாமும் ஓர் ஆண் என்பது ஞாபகம் வந்ததுபோலும்; கண்களை இறுக்கி மூடிக்கொண்டார். அப்படியே பின்பக்கமாக நடந்து, படியில் இடித்து, துணியோடு உட்கார்ந்துவிட்டார். படுதா சரிந்தது. ஆனால் வெளியே அனுப்பிய ஆண்கள் வெயிலுக்குக் கடைகளுக்குள் ஒதுங்கியிருந்தார்கள், வண்டிக்காரர் குதிரைப் பக்கம் திரும்பியிருந்தார், அதனால் உங்களைப் பார்த்த ஆண் ஒருவருமில்லை; பார்க்கக்கூடிய ஒரே ஆள் விழுந்தும் கண்ணைத் திறக்கவில்லை.

"ஐயா, நாங்க உள்ள வந்துட்டோம். கண்ணைத் தொறங்க, இல்லாட்டி மறுபடியும் உயுவீங்க" என்று உள்ளேயிருந்து நீங்கள் குரல் கொடுத்தீர்கள்.

உங்களோடு உங்கள் மாமியாரும் பக்கத்து வீட்டுப் பெண்கள் சிலரும் வந்திருந்தார்கள். மருமகள் என்ன கூத்தடிக்கிறாள் என்று பார்க்கத்தான் வந்ததாக மாமியார் எல்லாரிடமும் சொன்னார். நான் பத்திரிகையை எடுத்து வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினேன். அலமாரிக்கு அந்தப் பக்கமிருந்து இருமல் வந்தது. சுவரில் 'சத்தம் கூடாது' என்று எழுதியிருக்கிறதே, விதி ஆயிற்றே என்று ஐயா மெல்லச் சொன்னார்.

"படிக்கிற எடத்துல படிக்கக் கூடாதா?" என்றீர்கள். "நாங்க இத்தினி பேரும் ஆளுக்கொரு காயிதத்தைப் பெரட்டுனா எவ்ளோ சத்தம் வரும்? ஒருத்திதான படிக்கிறா. கணக்குப் பாருங்க, சத்தம் கம்மிதான்."

ஐயா, "கொஞ்சம் மெதுவாப் படிங்கம்மா" என்றார். மூன்றாவது வாரம் அதே இடத்திலிருந்து, "அந்தக் கடைசிப் பத்தி சரியாக் கேக்கல, இன்னொரு தரம்" என்றார். பெண்கள் எல்லாரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

கமிட்டியில் அதற்குமேல் பேச்சு வரவில்லை. எனக்குப் பொறுப்பேற்கும் ஊர்க்காரராக உங்கள் வீட்டுக்காரர் வந்து நின்றார். நான் முதலில் வீட்டுக்கு எடுத்துவந்தது குழந்தை வளர்ப்பைப் பற்றிய இங்கிலீஷ் புத்தகம். கடிகாரத்தைப் பார்த்துப் பால் கொடு, அழுதால் தூக்காதே என்று அதில் இருந்தது. நானும் அழுதுகொண்டே அப்படிச் செய்து பார்த்தேன். "உம் பொண்ணுக்கு மணி பாக்கத் தெரியுமா?" என்று சுவரைத் தாண்டிக் கேட்டீர்கள். ஆனால் தண்ணீரைக் காய்ச்சிக் கொடு என்று அதில் இருந்ததை நான் சொன்னதும் அன்றைக்கே உங்கள் வீட்டில் ஒரு தவலை தனியாக அடுப்பேறியது.

தொடர்கதைகள்மீதுதான் உங்களுக்குக் கோபம். ஆற்றங்கரையில் ஓடத்துக்காக நிற்கிற பெண்ணை அப்படியே விட்டுவிட்டு 'தொடரும்' என்று போட்டால் பொறுக்கவே மாட்டீர்கள். "எழுதறவன் எங்க போய்ட்டான் பாதியில? சோறு துன்னவா? அந்தப் பொண்ணு ஒரு வாரம் ஆத்தோரமே நிக்கணுமா? பேஜாரு!"

அந்தப் பெண் நின்றுகொண்டிருக்கும்போதுதான் நீங்கள் பிரசவத்துக்கு ஆம்பூருக்குப் போனீர்கள். "நான் வர்ற வரைக்கும் கதையைப் படிச்சி வை, ஒண்ணா சொல்லு" என்றீர்கள். உங்கள் குழந்தை பிழைத்தாள். நீங்கள் வரவில்லை. என் பெண்ணுக்கு அப்போது அம்மை போட்டிருந்தது, அதனால் கடைசியாக உங்கள் முகத்தைப் பார்க்கவும் நான் வரவில்லை.

பிறகு யாரும் வாசகசாலைக்கு வரவில்லை. கூட்டிவர நீங்கள் இல்லையே. நான் மட்டும் போனேன். கண்ணால் படித்தால் ஒரு வரியும் ஏறவில்லை. வாய்விட்டுப் படிக்கக் கேட்பவர் இல்லை. கதை வந்த பத்திரிகைகளைப் பிரிக்காமலே அடுக்கினேன். கமிட்டி மறுபடியும் கேட்கிறது என்று ஐயா தயங்கித் தயங்கிச் சொன்னார். நிறுத்திவிடட்டும் என்றுகூட நினைத்தேன். அதையும் உங்களிடம் மறைக்கவில்லை.

நிறுத்துவதாக இருந்த நாளுக்கு முந்தின வாரம் அது. வாசலில் குதிரைச் சலங்கை கேட்டது. நானும் ஐயாவும் ஒரே நேரத்தில் எழுந்தோம். வேலைக்காரப் பெண் இறங்கினாள், படுதாவை விரித்தாள். ஐயா கேட்காமலே மறு முனையைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டார். இந்தத் தடவை விழவில்லை. உள்ளே வந்தது உங்கள் மாமியார். தோளில் உங்கள் மகள். பின்னால் அதே பெண்கள்.

அவர் உட்கார்ந்தார். குழந்தையை மடியில் கிடத்தினார். என்னைப் பார்க்கவில்லை, மேசையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அவ எதுவரைக்கும் கேட்டா?"

"ஆத்தங்கரை வரைக்கும்."

"அங்கேருந்தே படி. இவ கேக்கட்டும்."

படித்தேன். சில வார்த்தைகளை விழுங்கிவிட்டேன், ஆனாலும் ஐயா திரும்பப் படிக்கச் சொல்லவில்லை. அந்தப் பெண்ணுக்கு ஓடம் கிடைத்துவிட்டது, அக்கா. அக்கரையில் அவளுடைய அண்ணன் இருந்தான். மூட்டையை இக்கரையிலேயே விட்டுவிட்டுப் போனாளே, இன்னா பொண்ணு இவ என்று உங்கள் மாமியாருக்குத்தான் மனசே ஆறவில்லை. நீங்கள் இருந்தால் அதற்கு ஏதாவது சொல்லியிருப்பீர்கள். என்ன சொல்லியிருப்பீர்கள் என்று எனக்கு ஏறக்குறையத் தெரியும்.

போன வாரம் இவர், திருநெல்வேலிக்கே மாற்றல் கேட்டு எழுதட்டுமா, நீதானே வந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாய் என்றார். நான் குழந்தைக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தேன்.

"எழுதுங்க, வேண்டாங்கல. ஆனா அங்க புதன்கிழமைக்கு நான் எங்க போவேன்?" என்றேன்.

அவர் இன்னும் எழுதவில்லை.