அருக்காணி நாலு வரி வாசித்தாள்

என் கண்ணான அக்காவுக்கு,

நேற்று உன் மகள் அருக்காணி பள்ளிக்கூடத்தில், எல்லார் முன்னாலும் நின்று, நாலு வரி வாசித்தாள். இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

நீ கண்மூடிப் போனபின் அவளைக் கருமத்தம்பட்டிக்கு என்னோடு கூட்டிவந்து மூன்று வருஷமாகிறது. மனக்கணக்கில் புலி. ஆட்டுக்குட்டிக்கு என்ன நோவு என்று பார்த்தவுடன் சொல்வாள். ஆனால் சிலேட்டைக் கையில் கொடுத்தால் முகம் வாடிவிடும். 'ப'வும் 'ம'வும் 'ய'வும் அவளுக்கு ஒன்றுதான். கொம்பை எழுத்துக்கு முன்னால் போடுவதா, பின்னால் போடுவதா என்று தடுமாறுவாள். காலையில் படித்த சொல்லை மத்தியானம் புதிதாய்ப் பார்ப்பாள்.

இரண்டாம் வகுப்பிலேயே இரண்டு தரம் உட்கார வைத்தார்கள். மூன்றாம் தரமும் அங்கேதான் என்று சொல்லியனுப்பிய அன்று எனக்கு வெறி வந்துவிட்டது. "படம்" என்று எழுதிக் காட்டினேன். "மடம்" என்று வாசித்தாள். முதுகில் ஓங்கி ஒன்று வைத்துவிட்டேன். அவள் அழவில்லை.

"சித்தி, உங்களுக்கு எழுத்தெல்லாம் ஒரே எடத்துல நிக்குமுங்களா?" என்று கேட்டாள்.

நீயும் சின்ன வயசில் இதையே கேட்டாய் அல்லவா, அக்கா? நான் சிரித்தேன். மண்டு என்று எல்லாரும் சொன்னதைத்தான் நானும் சொன்னேன். அப்பா உன்னைப் பள்ளியிலிருந்து நிறுத்தியபோது உனக்கு எப்படி இருந்தது? ஒரு நாளும் நான் கேட்கவில்லையே.

அவளை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டேன். "சித்தி தப்புப் பண்ணிப்போட்டேன் கண்ணு," என்றேன்.

மறுநாளிலிருந்து சிலேட்டை ஒதுக்கிவிட்டு, முறத்தில் ராகி மாவைப் பரப்பினேன். ஒரு வாரத்துக்கு ஒரே எழுத்து. விரலால் பெரிதாய் இழுப்பாள், வாய்விட்டுச் சொல்வாள், அழித்துவிட்டு மறுபடியும் இழுப்பாள். 'ப' மனசில் நின்ற பிறகுதான் 'ம'. சில நாள் எல்லாம் மறந்துபோகும். கோபத்தில் மாவைத் தட்டிவிட்டு எழுந்துவிடுவாள். நானும் அன்றைக்கு விட்டுவிடுவேன்.

பள்ளிக்கூடத்துக்கும் போனேன். வாத்தியார் கெட்டவர் இல்லை, சலித்துப்போயிருந்தார்.

"எழுதத் தெரியாத புள்ளைய எப்படிங்கம்மா மேல ஏத்தறது?"

"வாயில கேட்டுப் பாருங்க. சொல்லலீன்னா நானே நிறுத்திக்கறேனுங்க."

கேட்டார். வாய்ப்பாடு, ஆறுகளின் பெயர், செய்யுள் எல்லாவற்றையும் மடமடவென்று சொன்னாள். வாத்தியார் என் பக்கம் திரும்பினார். "இத்தனை நாள் நான் இப்படிக் கேக்கவே இல்லீங்களே," என்றார். அன்றிலிருந்து அவளை முன்வரிசையில் உட்கார வைத்தார். எழுத்துப் பிழைக்குப் பிரம்பெடுப்பதை விட்டார்.

நேற்று பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். சோறு கொண்டுபோன நான் சன்னலோரமே நின்றுவிட்டேன். வரிக்குக் கீழே விரலை நகர்த்தி நகர்த்தி வாசித்தாள். மூன்றாம் வரியில் ஒரு சொல் தப்பியது. நிறுத்தினாள். யாரும் சிரிக்கவில்லை. தானே திருப்பிச் சரியாக வாசித்தாள்.

"மூணாங்கிளாசுக்குப் போறாளுங்கம்மா," என்று வாத்தியார் வெளியே வந்து சொன்னார். நான் வீட்டுக்கு வந்ததும் வெறுந்தரையில் படுத்து அப்படியே தூங்கிப்போனேன். அப்படித் தூங்கி எத்தனை மாதமாயிற்று!

இன்னும் மெதுவாகத்தான் வாசிக்கிறாள். பிழைகள் முழுக்கப் போகாது போலிருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும். இனி எந்த வகுப்புக்கு எந்த வாத்தியார் வந்தாலும், முதல் நாளே நான் போய் நின்று அவளைப் பற்றி எடுத்துச் சொல்வேன். போதும் என்று அவளாகச் சொல்கிறவரை அவள் படிப்பை யாரும் நிறுத்த விடமாட்டேன், அக்கா. இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் மகளுக்குச் சித்தியும்,
உனக்கு என்றும் தங்கச்சியுமான
மாராத்தாள்